வைக்கோலை விற்றுவிட்டு டானிக் வாங்குகிறோம்

போன வாரம் வரப்பிலிருந்து ஒரு மண்கட்டி, நடுவயலிலிருந்து ஒன்று எடுத்துக் காயவைத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். வயல் கட்டி அஞ்சு நிமிஷத்தில் பொலபொலவென்று கரைந்து சேறாகிவிட்டது. அருகம்புல் வேரோடிய வரப்புக் கட்டி மறுநாள் காலையிலும் அப்படியே கிடந்தது, தண்ணீரும் தெளிவு. நாலடி தூரம், ஒரே மண். வேர்க் கசிவைத் தின்று வாழும் பூஞ்சையும் பாக்டீரியாவும் விடுகிற பசைதான் மண்ணைப் பிடித்து வைக்கிறது. வயலில் அதுகளுக்குத் தின்ன ஒன்றுமில்லை.

மண்ணில் நுண்ணுயிரைப் பெருக்கும் கரைசல் என்று நானும் மூன்று போகம் ஜீவாமிர்தம் ஊற்றியவன்தான். 200 லிட்டர் டிரம்மில் 10 கிலோ சாணி, வெல்லம், பயறு மாவு, எல்லாம் சரி. ஆனால் விருந்தாளியைக் கூட்டிவந்து வெறும் இலை போட்டால் எத்தனை நாள் இருப்பான்?

டெல்டாவில் அறுவடை மிஷின் கரையேறியதுமே வைக்கோல் கட்டும் மிஷின் இறங்கிவிடுகிறது. நெல் உறிஞ்சிய சாம்பல்சத்தில், அதாவது பொட்டாஷில், பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. அதை விற்ற காசில், கப்பலேறி வருகிற பொட்டாஷை மூட்டையாக வாங்குகிறோம். கூடவே கடைக்காரர் தரும் ‘மண்வள டானிக்’ பாட்டிலும். வீட்டில் மாடு நின்றவரை வைக்கோல் குப்பைக்குழி வழியாக வயலுக்கே திரும்பியது. இப்போது போனது போனதுதான்.

பசுந்தாள் உரமாக மடக்கி உழும் தக்கைப்பூண்டிலும் நான் சூடுபட்டிருக்கிறேன். ஏக்கருக்கு 20 கிலோ விதைத்தேன், நன்றாகவே வந்தது. பூக்கும் தருணத்தில், 45 நாள் வாக்கில் மடக்கி உழுதிருக்க வேண்டும். டிராக்டர் கிடைக்காமல் 70 நாள் ஆகிவிட்டது. தண்டு விறகாகிவிட்டது. அதற்குமேல் நட்ட பயிர் மஞ்சள் கட்டி நின்றது. விறகை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த தழைச்சத்தையும் (நைட்ரஜன்) எடுத்துக்கொண்டன. யூரியா போட்டுத்தான் மீட்டேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

மறுவருஷம் தக்கைப்பூண்டுச் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்குப் பங்காளி அந்தச் சாயம். சிவந்திருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்து இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், வெளிறியிருந்தால் சும்மா நிற்கிறது. கையில் அந்தச் சிவப்பைப் பார்த்தபிறகுதான் எனக்கே முழு நம்பிக்கை வந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். யூடியூபைப் பார்த்துவிட்டு முதல் வருஷமே யூரியாவை அடியோடு நிறுத்தாதீர்கள். நம் வெயிலில் மண்ணில் மக்கிய தழையும் தாளும் சீக்கிரம் கரைந்துபோகும், வருஷாவருஷம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நான் பாதியாகக் குறைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்த சம்பாவுக்கு அப்புறம் பாதி வயல் வைக்கோலை விற்பதாக இல்லை. ‘ஏக்கருக்கு எத்தனை கட்டு, கட்டு என்ன விலை’ என்று அப்பா இப்போதே விரல்விட்டு எண்ணுகிறார். மிஷின் வரிசையாகக் கொட்டிப்போகிற வைக்கோலைப் பரப்பிவிட ரெண்டு ஆள் வேண்டும். அதற்குத்தான் அலைகிறேன்.