நைட்டிக்கு மேலே ஒரு துண்டு

எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் சென்ற வாரம் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். பெண்கள் நைட்டியுடன் கீழ்த்தளத்துக்கும் மொட்டை மாடிக்கும் வருவதைத் தவிர்க்க வேண்டுமாம். தவிர்க்க முடியாவிட்டால் மேலே ஒரு துண்டு போட்டுக்கொண்டு வர வேண்டுமாம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடியிருக்கிற, இடுப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒரு தொளதொளத்த பருத்தி அங்கியில் எவருடைய கண் எதைக் கண்டு கூசியது என்று எனக்கு விளங்கவில்லை. இந்தத் தாளில் கையெழுத்திட்ட பெரியவர்கள் மடித்துக் கட்டிய கைலியும் வெற்று மார்புமாகத்தான் மாடித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாச்சி பின்கொசுவம் வைத்துக் கண்டாங்கி கட்டியவள். உள்பாவாடை கிடையாது, ஊக்கு கிடையாது; சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி நாற்று நட்டவள். அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அவள் முதன்முதலில் ரவிக்கை போட்டுக்கொண்டபோது "மினுக்கிக்கொண்டு திரிகிறாள்" என்று பேசியதும் அதே ஊர்தான். அம்மாவின் காலத்தில் ஆறு கஜச் சேலையும் அதற்கு அடியில் உள்பாவாடையும் கட்டாயமாகிவிட்டன. நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கறுத்துப்போன தழும்பு இன்றும் இருக்கிறது. இப்படி இடுப்பில் இறுக்கிக் கட்டிய உடை ஆண்டுக்கணக்கில் உராய்ந்த இடத்தில் ஆறாத புண் உண்டாகி, அது தோல் புற்றுநோயாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி 2024-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் இந்திய மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு எந்தச் சங்கமும் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டவில்லை.

அப்படிப்பட்ட அம்மாவுக்கு நைட்டி வந்தது விடுதலையாகத்தான் இருந்தது. முதலில் இரவில் மட்டும் போட்டாள், பிறகு சமையல் முடியும் வரை, பிறகு நாள் முழுவதும். நாடா இல்லை, கொசுவம் இல்லை, தடுக்கிவிடும் முந்தானை இல்லை. ஆனால் அந்தச் சுகத்தைப் பொறுக்க முடியாமல் அதன் தோளில் ஒரு துண்டை ஏற்றிவிட்டார்கள். அழைப்பு மணி அடிக்கிறது. கல்லில் தோசை கருகுகிறது. சிலிண்டர்காரர் மறுபடியும் அடிக்கிறார். நானோ கொடியில் கிடக்கும் துண்டைத் தேடி ஓடுகிறேன். கையில் கிடைப்பது கணவர் சற்றுமுன் தலை துவட்டிப் போட்ட ஈரத் துண்டு. அதைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தால்தான் நான் குடும்பப் பெண்! அந்தச் சிலிண்டர்காரர் தலையை நிமிர்த்தியதுகூட இல்லை, பாவம். அவருடைய கவலையெல்லாம் சில்லறை இருக்கிறதா என்பதுதான்.

இது எங்கள் குடியிருப்பின் தனிப் பைத்தியம் என்று நினைத்து ஆறுதல் அடையவும் வழியில்லை. ஆந்திரத்தின் அன்றைய மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலப்பள்ளி கிராமத்தில், பகலில் நைட்டி அணியும் பெண்ணுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்றும், அவளைக் காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு என்றும் ஊர்ப் பெரியவர்கள் விதித்திருந்த செய்தி 2018-இல் வெளிவந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் உடையை வேவு பார்ப்பதற்குக் கூலி!

சுடிதாரின் கதையும் இதுதான். தாவணியில் சைக்கிள் ஓட்ட முடியாமல் தவித்த பெண்களுக்கு அது வசதியாக வந்தது. உடனே அதன் மேல் ஷாலைப் போட்டார்கள். பள்ளியில் அதை ஆங்கில 'வி' எழுத்தாக மடித்து இரண்டு தோளிலும் ஊக்குக் குத்தி, ஊக்கு விலகியிருக்கிறதா என்று காலை வணக்கத்தில் ஆசிரியை சோதித்தது எனக்கு மறக்கவில்லை. அந்த ஷால் இருசக்கர வாகனத்தின் சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கும் விபத்துச் செய்திகளை எத்தனை முறைதான் படிப்பது? 2019-இல் தமிழ்நாடு அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி வகுத்தபோதும், சுடிதாரோடு துப்பட்டாவையும் மறவாமல் எழுத்தில் சேர்த்தது.

பண்பாடு என்று வாய் கிழியப் பேசுகிறவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். அன்றைய தென் திருவிதாங்கூரில் நாடார் முதலிய சாதிப் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போட்டதற்காகச் சந்தையில் அடிபட்டார்கள். போட்ட துணி கிழிக்கப்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859-இல் அனுமதி கிடைத்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. அன்று மேலே துணி போட்டால் குற்றம், இன்று போடாவிட்டால் குற்றம். அளவுகோல் மட்டும் எந்தக் காலத்திலும் அந்தப் பெண்ணின் கையில் இல்லை.

எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது வீட்டுக்குள்ளே நடப்பதைப் பார்த்துத்தான். பகலில் நைட்டி போட்டதற்காக அம்மாச்சியிடம் அத்தனை ஏச்சு வாங்கிய அதே அம்மா, இன்று என் மகள் குர்தியோடு கிளம்பும்போது வாசல் வரை ஷாலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். "எதுக்கு அம்மாச்சி?" என்று மகள் கேட்டால், "நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அந்த நாலு பேரில் ஒருவராவது மே மாத வெக்கையில், விசிறி இல்லாத அடுப்படியில், கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் தோசை வார்த்துவிட்டு வரட்டும். அதன் பிறகு எனக்குத் தாள் ஒட்டலாம்.