ப்ளைட் இறங்குற பாதையில வெடி விடாதீங்கய்யா!

திருச்சி ஏர்போர்ட் பக்கம் வீட்டு மேல இன்னொரு மாடி எடுக்கணும்னா விமான நிலைய ஆணையத்துக்கிட்ட என்.ஓ.சி., அதாவது ஆட்சேபம் இல்லைன்னு சான்று வாங்கணும். செல்போன் டவருக்கும் அதே கதைதான். டிரோன் விடவும் அனுமதி வேணும். கறிக்கடைக் கழிவைக் கொட்டினா பருந்து கூடும்னு 10 கிலோமீட்டர் சுத்தளவுக்கு அதுக்கும் தடை இருக்கு. எல்லாம் சரி, இருக்க வேண்டியதுதான். ஆனா கல்யாண மண்டப வாசல்ல குழாயை நட்டு, வாண வெடிக் குண்டைப் போட்டு, திரியைக் கிள்ளி நானூறு அடிக்கு நெருப்பை ஏத்தி விடுறானுங்களே, அதை மட்டும் ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல. வயிறு எரியுது.

போன முகூர்த்தத்துல எங்க தெருமுனை மண்டபத்துல மாப்பிள்ளை அழைப்பு. ராத்திரி ஒன்பது தாண்டியிருக்கும். செண்டை மேளம் ஒரு பக்கம், நடு ரோட்டுல வரிசையா ஸ்கை ஷாட் பெட்டிங்க, ஓரத்துல மணல் மூட்டைக்கு நடுவுல பெரிய குழாய் நாலு. மேற்கால லைட்டைப் போட்டுக்கிட்டு ப்ளைட் ஒண்ணு இறங்கி வந்துக்கிட்டு இருக்கு, கண்ணுக்கு நல்லாத் தெரியுது. ஓடிப்போய், "அண்ணே, ப்ளைட் வருதுண்ணே, அது இறங்குற வரைக்கும் கொஞ்சம் நிறுத்துங்கண்ணே"ன்னு கும்பிட்டுக் கேட்டேன். பத்த வைக்கிறவர் வாயில பீடி. "அது எங்கயோ போவுது தம்பி, நம்ம வெடி அங்க எட்டாது"ன்னுட்டு திரியில நெருப்பை வெச்சாரு. தலைக்கு மேல பச்சையும் சிவப்புமா விரிஞ்சுது. ப்ளைட் அந்தப் புகைக்குப் பின்னாடி போயி, அப்புறம் வெளிய வந்துச்சு. என் நெஞ்சு அடிச்சுக்கிட்டது எனக்குத்தான் தெரியும்.

எட்டாதா? கணக்குப் போட்டுப் பாருங்க. இறங்குற விமானம் சுமார் 3 டிகிரி சரிவுல வரும். ஓடுபாதையோட முனையைத் தாண்டும்போது அதோட உயரம் 15 மீட்டர்தான். அங்கேர்ந்து பின்னால 2 கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தா சுமார் 120 மீட்டர், அதாவது நானூறு அடி. வாண வெடிக் குண்டோட விட்டம் ஒரு இன்ச்சுக்கு நூறடி உயரம் போகும்னு ஒரு உத்தேசக் கணக்கு உண்டு. நாலு இன்ச் குண்டுன்னா நானூறு அடி! ரெண்டும் ஒரே உயரத்துல சந்திக்குதுங்க. விமானம் அப்ப வர்றது மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்துல. அந்த ரெண்டு கிலோமீட்டரைக் கடக்க அரை நிமிஷம் கூட ஆகாது. அந்த அரை நிமிஷத்துலதான் இவங்களுக்கு வெடி விட்டாகணும்.

வெடி விமானத்து மேல படணும்னு கூட அவசியமில்ல. விமானியோட கண்ணு இருட்டுக்கு முழுசாப் பழக அரை மணி நேரம் பிடிக்கும், அதைக் கெடுக்க ஒரு பளிச் போதும். ஓடுபாதை ஓரத்துல நாலு விளக்கு வரிசையா இருக்கும். ரெண்டு வெள்ளை, ரெண்டு சிவப்பு தெரிஞ்சா உயரம் சரி. நாலும் சிவப்பாத் தெரிஞ்சா ரொம்பத் தாழ வந்துட்டோம்னு அர்த்தம். அந்த நாலு புள்ளியைத் தேடிக்கிட்டு வர்ற மனுஷன் கண்ணு முன்னாடி சிவப்பையும் வெள்ளையையும் அள்ளித் தூவுறீங்களே, நியாயமா?

மரத்துல அடைஞ்சிருக்கிற கொக்கு, வௌவால் எல்லாம் சத்தத்துல கலைஞ்சு மேல கிளம்பும். நெதர்லாந்துல புத்தாண்டு வெடிக்கு பறவைங்க கூட்டங்கூட்டமா 500 மீட்டர் வரைக்கும் எழும்புனதை ரேடார்லயே பார்த்திருக்காங்க. புகையைப் பத்திச் சொல்லவே வேணாம். 2018 போகிக்கு சென்னையில புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் இறங்க முடியாம வேற ஊருக்குத் திரும்பிப் போச்சு.

அந்த விமானத்துல வர்றது யாருங்க? மன்னார்குடிக்காரன், பட்டுக்கோட்டைக்காரன், பேராவூரணிக்காரன். சிங்கப்பூர்லயும் மலேசியாவுலயும் துபாய்லயும் உழைச்சுட்டு, புள்ளைக்குச் சாக்லேட்டும் அம்மாவுக்குத் தைலமும் வாங்கிட்டு வர்றவன். டெல்டாவுல பாதி வீட்டு அடுப்பு அந்த ஓடுபாதையை நம்பித்தான் எரியுது. 2024 அக்டோபர் 11 ஞாபகம் இருக்கா? சார்ஜா போற விமானம் கோளாறாகி, 141 பேரோட ரெண்டு மணி நேரத்துக்கு மேல நம்ம வானத்துலயே சுத்துச்சு. ஊரே டிவி முன்னாடி உக்காந்து சாமியைக் கும்பிட்டுது. பத்திரமா இறங்குனதும் அழுதோம். சரியா இருபதாவது நாள் தீபாவளி. அன்னைக்கு ராத்திரி அதே ஊர் அதே வானத்துல ராக்கெட் விட்டுச்சு. காலையில 6 முதல் 7, சாயங்காலம் 7 முதல் 8னு அரசு குறிச்ச நேரத்தை யாரு மதிச்சா?

போலீசுக்குப் போன் போட்டேன். "சத்தம் ஜாஸ்தியா இருக்கா சார்?"னு கேட்டாங்க. சத்தம் இல்லய்யா, உசுரு! ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம்னு இருக்குல்ல? அந்த மாதிரி, விமானம் இறங்குற பாதைக்குக் கீழ இருக்கிற இடத்துல, வானத்துக்குப் போற வெடி எதுவும் கூடாதுன்னு கோடு போட்டுக் குடுங்க.

தீபாவளியே வேணாம்னு நான் சொல்லல. புஸ்வாணம் விடுங்க, சங்குசக்கரம் விடுங்க. மேல போறது மட்டும் அந்தப் பக்கம் வேணாம். செம்பட்டு, குண்டூர், கே.கே. நகர் சுத்தி இருக்கிற மண்டபக்காரங்க புக்கிங் எழுதும்போதே "வாண வெடிக்கு அனுமதி இல்லை"ன்னு ஒரு வரி எழுதி, பொண்ணு வீடு மாப்பிள்ளை வீடு ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கட்டும். மீறினா அட்வான்ஸ் திரும்பக் கிடையாதுன்னு சொல்லட்டும். நாற்காலி உடைஞ்சா பிடிச்சுக்கத் தெரியுதுல்ல, இதுக்கும் பிடிங்க.