காமெடிப் படம்தானே, அதனால்தான் கேட்கிறேன்

"காமெடிப் படத்துல லாஜிக் பார்க்காதீங்க ப்ரோ." யூட்யூபர் ஒருவனை ஹீரோவாக வைத்து வந்த காமெடிப் படத்தில் யூட்யூப் ஓடுகிற விதமே தப்பு என்று எழுதியதிலிருந்து இதே பதில்தான் வருகிறது. நான் குறை சொன்ன காட்சி இதுதான். ஹீரோ ராத்திரி வீடியோ போடுகிறான், விடிந்தால் கோடி வியூஸ், அடுத்த ஷாட்டில் புதுக் கார். தியேட்டர் சிரித்தது, சரி. எதற்கு? அவன் மாட்டியிருந்த கண்ணாடிக்கு.

நான் சொல்வது ஒன்றுதான். இந்த உலகத்தைக் கிண்டல் செய்ய வேண்டுமானால் இது எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பே அங்கேதான் இருக்கிறது.

வியூஸ் வந்த மறுநாள் காசு வராது. யூட்யூபில் விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்கிரைபர், கூடவே கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை. ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் 1 கோடி வியூஸ். அதற்கப்புறம்தான் விண்ணப்பம், சேனல் ரிவ்யூ. பின்னணியில் அடுத்தவர் பாட்டு ஓடியிருந்தால் கன்டென்ட் ஐடி என்கிற யூட்யூபின் காப்புரிமைச் சோதனை பிடித்துவிடும், அந்த வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்கே போகலாம். ஊரே பார்த்த வீடியோ, போட்டவன் கையில் பைசா இல்லை. இது காமெடி இல்லையா?

இன்னொன்று. 2020 ஜூலையிலிருந்து 8 நிமிட வீடியோவுக்கே நடுவில் விளம்பரம் வைக்கலாம், அதற்கு முன் 10 நிமிடம் வேண்டும். விஷயமோ ஏழே கால் நிமிடத்தில் முடிந்துவிட்டது. இழுக்க வேண்டும். அதுவும் துக்க வீடியோ. "அப்பா கடைசியா என்கிட்ட சொன்னது..." என்ற இடத்தில் டைம்லைனை நிறுத்தி, அங்கேயே விளம்பரத்தைச் செருகுகிற விரலை ஒரு குளோசப்பில் காட்டியிருக்கலாமே!

விவரம் தெரிந்து எடுத்தால் எப்படி இருக்கும் என்று 'நாட் ஓகே' (2022) என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். க்வின் ஷெப்பர்ட் எழுதி இயக்கியது. பாரிஸ் போனதாக போட்டோவை எடிட் செய்து போடுகிறாள் ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் அங்கே குண்டுவெடிப்பு. பொய்யை வாபஸ் வாங்கவே முடியாத அளவுக்கு அனுதாபம் கொட்டுகிறது. போஸ்ட் போட்ட நேரம்தான் மொத்தக் கதையையும் தூக்கி நிறுத்துகிறது.

"சாதாரண ரசிகனுக்கு இதெல்லாம் புரியாது" என்கிறார்கள். விளம்பரத்தை ஸ்கிப் செய்யாத ரசிகன் யார்? "அப்போ டாக்குமெண்டரி எடுக்கச் சொல்லுங்க" என்பவர்களுக்குப் பதில் இல்லை.

உண்மையில் மனசு நொந்தது அந்த யூட்யூபர் படத்தின் இரண்டாம் பாதியில். சமையல் வீடியோ போடும் ஒரு அக்காவின் உச்சரிப்பை வைத்தே காட்சிக்குக் காட்சி சிரிப்பு மூட்டுகிறார்கள். ஃபேன் ஓடினால் மைக்கில் காற்றுச் சத்தம் ஏறிவிடும், எடிட்டில் அதை எடுக்கப் போனால் குரலும் சேர்ந்து தேயும். அதனால் ஃபேனை நிறுத்திவிட்டு அடுப்படியில் வேர்த்து விறுவிறுக்க நின்று எடுக்கிறவர்கள் நிஜத்தில் இப்படிச் சமையல் வீடியோ போடுகிறவர்கள். படத்தில் அவர் தலைக்கு மேல் ஃபேன் ஜோராகச் சுற்றுகிறது. எடுத்தவர்களுக்கு அதுகூடத் தெரியவில்லை.

கிண்டல் செய்ய வேறு ஆளா இல்லை? காசைக் கொடுத்துவிட்டு "இது விளம்பரம்னு மட்டும் போட்டுடாதீங்க" என்று கேட்கிற ஸ்பான்சர் ஆட்களுக்கு அந்தப் படத்தில் ஒரு காட்சிகூட இல்லை.