அந்தச் சிவப்பு ஒழுக்கத்தின் நிறம் கிடையாது

முந்தாநாளிலிருந்து எல்லோருடைய சமூக ஊடகப் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கிற அந்த வரைபடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த மாநிலத்தில் எச்.ஐ.வி. எவ்வளவு என்று காட்டுகிற இந்திய வரைபடம். வடகிழக்கு மூலை மட்டும் அடர் சிவப்பாக இருக்குமே, அதுதான்.

வரைபடத்தில் தப்பில்லை. 2023 மதிப்பீட்டு எண்கள்தான் அவை. 15 முதல் 49 வயதுக்குள் எச்.ஐ.வி. உள்ளவர்கள் மிசோரத்தில் 2.73 சதவீதம், நாகாலாந்தில் 1.37, மணிப்பூரில் 0.87. நாடு முழுவதற்கும் சேர்த்து 0.20. வயிறு எரிந்தது அதற்குக் கீழே வந்த கருத்துகளைப் பார்த்துத்தான். "அவங்க வாழ்க்கை முறையே அப்படி", "அந்த ஊர்ப் பொண்ணுங்க..." இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. அதற்கு விருப்பம் போட்டவர்களில் நான் மதிக்கிற நாலைந்து பேரும் இருக்கிறார்கள்.

அந்தச் சிவப்பு யாருடைய ஒழுக்கத்தின் நிறமும் கிடையாது. ஒரு சோதனைக்கும் ஒரு மாத்திரைக்கும் ஒரு சுத்தமான ஊசிக்கும் மனுஷன் போகவேண்டிய தூரம் அது. இந்தப் பதிவு முழுக்க இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த விகிதத்தைப் புரிந்துகொள்ளுங்கள். விகிதம் என்பது தொட்டியில் நிற்கிற தண்ணீர். புதுத் தொற்று குழாய் வழியாக உள்ளே வருகிறது, மரணம் ஓட்டை வழியாக வெளியே போகிறது. நல்ல சிகிச்சை அந்த ஓட்டையை அடைக்கிறது. இருபத்தைந்து வயதில் மாத்திரை ஆரம்பித்தவர் அறுபது தாண்டியும் இருப்பார், அதனால் விகிதம் சீக்கிரம் இறங்காது. மருந்தில்லாமல் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிற இடத்தில்தான் அது மளமளவென்று இறங்கும். மிசோரத்தில் குழாயும் இன்னும் நிற்கவில்லை என்பது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் தலைக்கணக்கு எடுத்தால் முன்னால் நிற்பவை மகாராஷ்டிரமும் ஆந்திரமும் கர்நாடகமும்தான். அவற்றைப் பற்றி அந்தப் பதிவின் கீழே ஒருவரும் பேசவில்லை.

இப்போது தூரத்துக்கு வருகிறேன். எச்.ஐ.வி. மாத்திரை நாடெங்கும் ஒன்றுதான். டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50. மூன்றும் ஒரே மாத்திரையில், தினம் ஒன்று, அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை) மையத்தில் இலவசம். அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் தொடங்குகிறது. ஆரம்பித்த ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் வைரஸ் அளவு பார்க்க வேண்டும். ஊதா மூடி போட்ட குழாயில் எடுத்த ரத்தத்தை 24 மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் சுழற்றி, பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியைத் தனியே பிரித்தாக வேண்டும். பிரித்ததைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஐந்து நாள் தாங்கும். ஆய்வுக்கூடம் அதே ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கிற நகரத்தில் இது ஒரு பேச்சே இல்லை. மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி நின்றுபோனால் அந்தக் குழாயைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ரத்தம் கொடுத்தவரை மறுபடி வரச் சொல்வார்கள். அவருக்கு இன்னொரு நாள் கூலி போச்சு, இன்னொரு தடவை பஸ் காசு. மூன்றாம் தடவை அவர் வராமல் போனால் கோப்பில் "தொடர்பில் இல்லாதவர்" என்று எழுதிவிடுவார்கள்.

அந்தக் குழாயோடு போவது ஒரு எண் மட்டுமல்ல. வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பிரதிகளுக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் உடலுறவு மூலம் தொற்று பரவாது. இது உறுதியாக நிரூபணமான விஷயம். நகரத்தில் இருக்கிற ஒருவர் தன் மனைவியிடம் இதைத் தெரிந்து சொல்ல முடிகிறது. அதே மாத்திரையை அதே ஒழுங்கோடு போடுகிற மலையூர்க்காரர், சோதனை முடிவு வராததால், வருடக்கணக்கில் பயந்துகொண்டே குடும்பம் நடத்துகிறார். இதில் ஒழுக்கம் எங்கே வருகிறது?

குழந்தையின் விஷயத்தில் இன்னும் மோசம். எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையை ஆறாம் வாரத்தில் சோதிக்க வேண்டும். குதிகாலில் சின்னதாகக் குத்தி, தடித்த காகித அட்டையில் அச்சிட்ட வட்டங்களில் ஒவ்வொரு சொட்டாக நிரப்புவார்கள். ஒரு சொட்டின் மேல் இன்னொரு சொட்டு விழக்கூடாது. அட்டையைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, வெயில் படாமல், குறைந்தது நாலு மணி நேரம் காயவிட வேண்டும். அப்புறம்தான் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பைக்குள் போட்டு மூடுவது. அடைமழைக் காலத்தில் மலைமேல் காற்றே ஈரமாக இருக்கும், நாலு மணி நேரம் போதாது. சாயந்தரம் தபால் போய்விடுமே என்று அவசரப்பட்டு மூடினால் உள்ளே ரத்தம் கெட்டுப்போகும், ஆய்வுக்கூடம் திருப்பி அனுப்பிவிடும். ஆறாம் வாரச் சோதனை நாலாம் மாதத்துக்குத் தள்ளிப்போகும். தொற்றோடு பிறந்து சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. அதிகமாகச் சாவது இரண்டாம், மூன்றாம் மாதத்தில். நாலாம் மாதம் வந்து சேர்கிற முடிவை வைத்து என்ன செய்வது?

"போதை ஊசி போடுறவனுக்கு அரசாங்கமே ஊசி கொடுக்குது, அதான் பரவுது" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, நேர்மாறாகத்தான் நடக்கிறது. குத்தும்போது கொஞ்சம் ரத்தம் ஊசிக்குள் ஏறி நிற்கும். அதை அடுத்தவர் எடுத்துப் போட்டால் அந்த ரத்தம் நேராக அவர் நரம்புக்குள் போகிறது. மணிப்பூரில் 1990 வாக்கில் தொற்று காட்டுத்தீயாகப் பரவியது இப்படித்தான். எல்லைக்கு அப்பாலிருந்து ஹெராயின் மலிவாக வந்தது, ஊசி மட்டும் கைக்குக் கிடைக்கவில்லை. ஒரு ஊசியை நாலு பேர் போட்டார்கள்.

போதை ஊசி போடும் ஒருவருக்கு வருடத்துக்கு 200 ஊசியாவது கையில் சேர வேண்டும் என்பது 2025 வரைக்கும் சர்வதேச அளவில் வைத்திருந்த இலக்கு. தினம் இரண்டு தடவை போடுகிறவருக்கு 730 தேவைப்படும். அந்த இலக்கை முழுசாக எட்டினாலும் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஊசி கொடுப்பது அதிகமாகிவிட்டது என்கிறவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பாருங்கள்.

ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கிற மாற்று மருந்தும் இருக்கிறது. புப்ரனார்ஃபின் மாத்திரையைப் பொடித்து, பணியாளர் கண்முன்னால் நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கிளம்பலாம். வழக்கமாக இது தினமும் நடக்க வேண்டும். மையம் திறப்பதற்கு முன்னாலேயே கூலிவேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? ஒருநாள் விட்டால் மூக்கொழுகும், வயிறு முறுக்கும், உடம்பு பிய்த்துப் போட்டதுபோல வலிக்கும். அன்று ராத்திரி பழைய ஊசிதான். திருந்த மனசில்லை என்று அவரைச் சொல்வீர்கள். இரண்டு மலை தாண்டி, விடுமுறையே இல்லாமல், வருடம் முழுக்க ஒரு மாத்திரைக்காக நீங்கள் நடப்பீர்களா?

தூரம் என்றால் கிலோமீட்டர் கணக்கு மட்டுமில்லை. மணிப்பூரின் மலை மாவட்டமான சூராசந்த்பூரிலிருந்து தலைநகர் இம்பாலுக்குச் சுமார் 60 கிலோமீட்டர்தான். 2023 மே மாத மெய்தி–குக்கி கலவரத்துக்குப் பிறகு மலையிலுள்ள குக்கி மக்கள் அந்தச் சாலையில் இறங்கி இம்பாலின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போகவே முடியாமல் ஆனது.

"இங்கேயே ஆயிரம் குறை இருக்கு, வடகிழக்குக்காக ஏன் அழணும்" என்பவர்களுக்கு: இங்கேயும் குறை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆறு மாதம் வெளிமாநிலம் போகிறவருக்கு நம் ஊர் நம்பிக்கை மையம் (எச்.ஐ.வி. சோதனை, ஆலோசனை மையம்) இருந்தும் இல்லாத மாதிரிதான். அவரும் அந்த மலையூர்க்காரரும் ஒரே கட்சி.

வடகிழக்குக்கு ஏற்கெனவே நிறையப் பணம் போகிறதே என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. தட்டையான ஊரில் நூறு பேரைச் சோதிக்கிற செலவில் மலையில் நூறு பேரைச் சோதிக்க முடியாது, அவ்வளவுதான்.

நாமே இந்தப் பேச்சைப் பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகளைச் சோதிக்கச் சென்னையில் வசதி இல்லை. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அன்று நமக்கும் ஆய்வுக்கூடம் தூரத்தில்தான் இருந்தது. அதன்பிறகு வருடக்கணக்கில் அதிகப் பாதிப்புள்ள ஆறு மாநிலங்கள் என்ற பட்டியலில் மணிப்பூர், நாகாலாந்தோடு தமிழ்நாடும் இருந்தது. நாமக்கல் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள் உண்டு. நாம் ஒழுக்கம் கற்றுக்கொண்டு அந்தப் பட்டியலிலிருந்து இறங்கவில்லை. 1994லேயே இங்கே மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய எட்டு மையங்களில் ஒன்று தாம்பரத்தில் திறந்தது. தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் சோதனை வந்தது. தூரம் குறைந்தது, தொற்றும் குறைந்தது. இவ்வளவையும் கண்ணால் பார்த்த ஊர்க்காரர்களே இப்படி எழுதினால் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

சட்டம் இருக்கிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இருக்கிறது. 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. வேலையில், பள்ளியில், ஆஸ்பத்திரியில் ஒதுக்கக்கூடாது என்கிறது, நல்ல சட்டம். ஆனால் சோதனை வசதியும் கூட்டு மருந்தும் தருவதைச் சொல்கிற 14ஆம் பிரிவில் "இயன்றவரை" என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் கேட்டுப் பார்த்தார்கள், எடுக்கவில்லை. சென்னையில் இருப்பவருக்கு அந்தச் சொல் கண்ணில் படாது. சாலை முடிகிற இடத்தில் இருப்பவருக்குச் சட்டமே அந்தச் சொல்தான்.

படத்தைப் பகிர்ந்தவர்கள் எடுத்துவிடத் தேவையில்லை. கீழே இருக்கிற அந்தக் கருத்துகளை மட்டும் நீக்குங்கள். அந்த இடத்தில் 1097 என்று போடுங்கள், எய்ட்ஸ் உதவி எண், இலவசம். பெயர் சொல்லாமல் சோதனை எங்கே செய்யலாம் என்று கேட்கலாம். ஊசி குத்தியோ ஆணுறை கிழிந்தோ பயந்துபோய் இருக்கிற யாராவது அதைப் பார்த்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், 28 நாள் விடாமல் போட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.