மழை வரும் என்று தெரியாதாம்!

திருகோணமலையில், டிசம்பர் மாதம், பள்ளிக்கூட லீவு நேரத்தில், மழை வரும் என்று தெரியாதாம். இதைச் சொன்னது நேற்று விமானத்தில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர் இல்லை. இந்த ஊரிலேயே காணி எடுத்து, வேலி அடைத்து, ராட்டினமும் ரயிலும் பம்பர் காரும் கொண்டுவந்து நிறுத்தி, வாசலில் காசு வாங்குகிற ஒரு களியாட்டப் பூங்காக்காரர். பெயர் சொல்லப் போவதில்லை. திட்டினாலும் அது விளம்பரமாகத்தான் போய்ச் சேரும்.

ஒக்டோபர் பிறந்தால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வாடை மழை வரப் போகிறதென்று. மீன்பிடிக்காரர் வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டுவார். நிலாவெளியில் புறாத்தீவுக்கு ஆள் ஏற்றுகிற படகுகள் ஓய்ந்துவிடும். வெள்ளைக்காரர் எல்லாம் மே தொடங்கி செப்ரெம்பருக்குள் வந்து குளித்துவிட்டு, தெற்குப் பக்கக் கடற்கரைக்கு மாறிவிடுவார்கள். வருசத்துக்கு இங்கே பெய்கிற சுமார் 1,600 மில்லிமீற்றர் மழையில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் கொட்டுகிறது. அதிலும் நவம்பரும் டிசம்பரும்தான் உச்சம். 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றி எங்கள் மாமி இன்றைக்கும் கதை சொல்லுவா. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கரை தட்டியதும் இந்தப் பக்கம்தான். வானொலியைத் திறந்தால் வளிமண்டலவியல் திணைக்களம் "வடக்கு, கிழக்கு, வடமத்திய, ஊவா மாகாணங்களில்" என்று தொடங்குவதை நாங்கள் பாட்டு மாதிரிப் பாடமாக்கி வைத்திருக்கிறோம். இதற்குள் தொழில் தொடங்குகிற ஒருவருக்கு மட்டும் அது காதில் விழவில்லையாம்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

"ஒரே டிக்கெட், எல்லா விளையாட்டும்" என்று ஊர் முழுக்க பனர் கட்டியிருந்தார்கள். பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், பிள்ளைகளுக்கு 1,000. மூன்று வயதுக்குக் கீழே இலவசம். எங்கள் சின்னவளுக்கு மூன்று முடிந்து கொஞ்ச மாதம்தான், ஆனபடியால் அவளுக்கும் முழுக்காசு. மாமி ராட்டினம் ஏறுவாவா, பம்பர் கார் ஓட்டுவாவா? சும்மா கதிரையில் இருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்கத்தான் வந்தவ. அவவுக்கும் 1,500. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் சேர்த்து ஆக மொத்தம் 6,500 ரூபாய். வாகனம் நிறுத்தியதற்கு எடுத்த காசு இதில் சேர்த்தி இல்லை.

நாங்கள் டிக்கெட் எடுக்கும்போதே தூறிக்கொண்டிருந்தது. கேட்டேன்: "தம்பி, எல்லாம் ஓடுதோ?" கண்ணாடிக்கு உள்ளே இருந்த பொடியன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "ஓடுது அக்கா. இது சின்னத் தூறல், இப்ப விட்டுடும்."

உள்ளே போனால் ஒன்றுமே ஓடவில்லை. ராட்டினத்துக்குச் சங்கிலி. ரயிலுக்குச் சங்கிலி. காற்றூதிய கோட்டை வயிறு வற்றிப்போய் சேற்றில் படுத்திருக்கிறது. பம்பர் கார்களைத் தறப்பாள் போட்டு மூடி, மேலே செங்கல் வைத்திருக்கிறார்கள். செங்கல் வைத்து மூடியிருக்கிறார்கள் என்றால் அது பத்து நிமிசத்துக்கு முன் மூடியதில்லை. காலையில் இருந்தே அப்படித்தான் கிடந்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதையைத் திருப்பிவிடுவார்கள். மழைக்குள் ராட்டினத்தை ஓடவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. பம்பர் காருக்குக் கீழே தகட்டுத் தரை, மேலே கம்பி வலை, இரண்டுக்கும் நடுவில் மின்சாரம். அதில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காற்றூதிய கோட்டையைக் காற்றடிக்கும்போது நிமிர்த்தி வைக்கக்கூடாது என்பதும் தெரியும். 2021 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒரு பள்ளிக்கூட விழாவில் அப்படி ஒரு கோட்டையைக் காற்றுத் தூக்கி எறிந்து ஆறு பிள்ளைகள் செத்தார்கள். மூடியது சரி. நூற்றுக்கு நூறு சரி. மூடியதை மறைத்து வாசலில் காசு வாங்கியதுதான் களவு. மூடத் தெரிந்தவர்களுக்கு வாசலில் ஒரு மட்டையில் "இன்று விளையாட்டுகள் இல்லை" என்று எழுதி மாட்டத் தெரியாதா?

இதைவிட விசர் வந்த இடம் ஒன்று இருக்கிறது. டிக்கெட் கிழிக்கிற இடத்தைத் தாண்டிப் பத்து அடி வைத்தால் ஒரு மேசை. மேசை முழுக்க மழைக்கோட்டு. மஞ்சள், நீலம், ரோசா என்று நிறம் நிறமாக மடித்து அடுக்கி, 350 ரூபாய் என்று விலை எழுதி வைத்திருக்கிறார்கள். மழை வரும் என்று தெரியாதவர்கள் மழைக்கோட்டை எதற்காகக் கட்டுக் கட்டாக இறக்கினார்கள்? அதையும் வாங்கினோம், வேறு வழி? மகனுக்குப் போட்டுவிடும்போதே கைப்பக்கம் பிரிந்து கிழிந்தது. பாண் சுற்றித் தருகிற பிளாஸ்டிக் பை அதைவிடத் தடிப்பு. அளவும் ஒரே அளவுதான், பெரியாட்கள் அளவு. ஆறு வயதுப் பிள்ளை அதன் நுனியை மிதித்து மிதித்து இரண்டு தரம் சேற்றில் விழுந்தான்.

ஒதுங்க இடம்? சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் ஒரு தறப்பாள், அவ்வளவுதான். அந்த வளவு முழுக்க அதைத் தவிரக் கூரை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அங்கே சனம் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்கிறது. தறப்பாள் நடுவில் தண்ணீர் தேங்கித் தொந்தி வைத்துத் தொங்குகிறது. கடைப் பொடியன் ஒருவன் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் தும்புத்தடிக் கம்பால் அதைக் கீழிருந்து குத்தி மேலே தள்ளுகிறான். தள்ளிய தண்ணீர் ஒரு பக்கத்தால் மொத்தமாகக் கொட்டுகிறது. அந்தப் பக்கம் நிற்பவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் பாய்கிறார்கள். அடுத்த முறை இந்தப் பக்கம். மழையில் நனைந்ததைவிட அந்தத் தறப்பாளுக்குக் கீழே நனைந்ததுதான் கூட. பிள்ளைகள் மட்டும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு அங்கே ஓடிய ஒரே விளையாட்டு அதுதான்.

அதுக்குள்ளும் ஒரு பெரிய மனுசர் வந்து, "ஒண்டும் வாங்காதவை கொஞ்சம் அங்கால நில்லுங்கோ" என்றார். அங்கால என்றால் எங்கே? மழைக்குள்ளே. பிறகென்ன, ஆளுக்கொரு பிளேன்ரீயும் றோல்ஸும் வாங்கிக் கூரைக்கு வாடகை கட்டினோம். கைக்குழந்தையோடு நின்ற ஒரு இளம் பெண் பால் கொடுக்க மறைவு தேடித் தவித்ததைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் மாமியும் வேறு இரண்டு பெண்களும் சேலையைப் பிடித்துச் சுற்றி நின்றார்கள். கழிப்பறையைப் பற்றி எழுதினால் இதைப் படிக்கிற நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். கணுக்கால் அளவு தண்ணீர், கொக்கி இல்லாத கதவு. விடுகிறேன்.

காசைத் திருப்பிக் கேட்டோம். "உள்ள வந்தாப் பிறகு தரேலாது அக்கா. இயற்கைக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என் வீட்டுக்காரர் கொஞ்சம் குரலை உயர்த்தினார். அதன் பிறகு மனேச்சர் என்று ஒருவர் வந்து, பெரிய தர்மம் செய்கிற முகத்தோடு டிக்கெட்டின் பின்பக்கம் முத்திரை குத்தித் தந்தார். இன்னொரு நாள் இதே டிக்கெட்டோடு வரலாமாம். எப்போது வரை? டிசம்பர் 31 வரை! வாடை மழைக்குத் தீர்வாக வாடை மழைக்குள்ளேயே இன்னொரு நாள். அன்றைக்கும் தறப்பாள் குத்துகிறதைப் பார்க்கலாம், இன்னும் ஒரு சோடி மழைக்கோட்டு வாங்கலாம், இன்னும் நாலு றோல்ஸ் தின்னலாம்.

"மழைக்குள்ள சின்னப் பிள்ளையளை ஏன் கூட்டிக்கொண்டு போனீங்கள்?" இதைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்கிறவர்கள் எங்கே கூட்டிக்கொண்டு போவது என்றும் சொல்லிவிட்டால் நல்லது. கடற்கரைக்கா? வாடையில் டச்சுக் குடாப் பக்கம் அலை அடிக்கிற அடியில் பெரியாட்களே கால் நனைக்கப் பயப்படுவார்கள். புறாத்தீவு கிடையாது. கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போனாலும் தலைக்கு மேலே பச்சைத் தண்ணீர்தான் விழும். கோணேசர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, வருகிற வழியில் கோட்டைக்குள் மானுக்கு முன்னால் நின்று படம் எடுத்தாயிற்று, அந்த மான்களுக்கே எங்கள் முகம் அலுத்துப்போயிருக்கும். பிள்ளைகளுக்கு வருசக் கடைசி லீவு இந்த மாதம்தான் வருகிறது. கொழும்புப் பக்கத்துப் பிள்ளைக்கு டிசம்பர் லீவு என்றால் மழை குறைந்துகொண்டு வருகிற காலம். ஹங்வெல்ல, பண்டாரகம பக்கம் இருக்கிற பெரிய பூங்காக்களுக்குத் திறந்த வெளியில் தண்ணீர்ச் சறுக்குகள் கட்டிவிட்டு லீவுக் கூட்டத்தை எதிர்பார்க்கலாம், அங்கே அது ஓரளவுக்கு ஒத்துவரும். அந்த வரைபடத்தை அப்படியே மடித்துக் கொண்டுவந்து கிழக்கில் விரித்தால் இப்படித்தான் இருக்கும். எங்களுக்கு மழை விடுகிற நேரம் பிள்ளைகள் திரும்ப வகுப்பில். பிள்ளைகள் வீட்டில் நிற்கிற நேரம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். இங்கே லீவை நம்பிக் கடை விரிக்கிறவர் முதலில் யோசிக்க வேண்டியது கூரை. ராட்டினம் அதற்குப் பிறகுதான்.

கூரைக்குக் கோடிக் கணக்கில் வேண்டுமாக்கும் என்று நினைக்க வேண்டாம். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஒரு பொழுதுக்குள் தகரப் பந்தல் போட்டுத் தருகிற ஆட்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஐந்நூறு பேர் இருந்து சாப்பிடுகிற அளவுக்குப் பந்தல் போட்டு, நாலாம் நாள் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதில் இரண்டு பந்தல் போதும். ஒன்றுக்குக் கீழே சறுக்கும் ஊஞ்சலும் குட்டி ரயிலும், மற்றதுக்குக் கீழே நாற்பது ஐம்பது கதிரை. ஓகஸ்ட் மாதத்திலும் அது வீண்போகாது. கச்சான் காற்று அனலாக வீசும்போது அந்தத் தகரச் சறுக்கில் பிள்ளையை இருத்திப் பாருங்கள், தொடை கொப்பளிக்கும். பெரிய இடங்களைப் பார்த்துப் பழகுகிறவர்கள் இதையும் பார்த்துப் பழகலாமே. டோக்கியோ டிஸ்னிலாந்தை 1983இல் திறந்தபோதே அங்கத்தைய மழையை யோசித்து, வாசலுக்கு அடுத்த கடைத்தெரு முழுவதற்கும் கண்ணாடிக் கூரை போட்டார்கள். அமெரிக்காவில் அதே தெரு திறந்தவெளியாகத்தான் இருக்கிறது. சியோலில் ராட்டினம் முதல் பலதையும் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுபோன லோட்டே வேர்ள்ட் 1989இல் வந்துவிட்டது. எங்களுக்குக் கண்ணாடி வேண்டாம் ஐயா. தகரம் போதும்.

இன்னொன்று. ஓடாமல் நிற்கிற அந்தச் சுற்றுகிற கோப்பைகள், மிதிபடகுகள், வாத்து வண்டிகள் எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. ஒருவரும் கவிழ்த்து வைக்கவில்லை. 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடு படுத்தியது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு சிரட்டை கவிழாமல் கிடந்தால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எச்சரித்துவிட்டுப் போகிறார். பிள்ளைகள் கூடுகிற இடத்தில் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் நிற்கிறதே, அங்கே ஒருக்கால் எட்டிப் பார்க்கக் கூடாதா? இதை எழுதுகிற நேரம் சின்னவளுக்குத் தடிமன், மூக்கால் ஓடுகிறது. காய்ச்சல் வரவில்லை, நல்ல காலம்.

நான் கேட்கிறது பெரிய விசயம் ஒன்றும் இல்லை. விளையாட்டு ஓடாத நாளில் டிக்கெட் வெட்டாதே. வெட்டிய பிறகு நின்றால் பாதிக் காசையாவது திருப்பிக் கொடு. அதுவும் ஏலாது என்றால், அந்த முத்திரையில் 31ஐ அழித்துவிட்டு ஓகஸ்ட் வரை என்று போடு. கூட்டிக்கொண்டு வந்த கிழவிக்கு ராட்டினக் காசு அறவிடாதே.

டிக்கெட் ஐந்தையும் நான் எறியவில்லை. காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன், முத்திரை கொஞ்சம் கரைந்திருக்கிறது, ஆனாலும் வாசிக்கலாம். முதலில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து முறைப்பாடு வைக்கப் போகிறேன். இவர் "விடும், 6,500 ரூபாய்க்கு அலையிறதோ" என்கிறார். அலையத்தான் போகிறேன். அன்றைக்கு அந்தத் தறப்பாளுக்குக் கீழே என்னோடு நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் டிக்கெட்டையும் எறிந்துவிடாதீர்கள், எடுத்து வையுங்கள்.