மேலே ஏறுவதற்குக் கைதட்டாதீர்கள்

சிகாகோ பேர்ஸ் ரசிகர்களான என் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிராஃப்ட் இரவில் நம் அணி தேர்வுகளை அள்ளிக் கொடுத்து, நாலைந்து இடம் மேலே ஏறி ஒருவரை எடுத்தால், தயவுசெய்து கைதட்டாதீர்கள். "என்ன துணிச்சல் பாருங்கள்!" என்று குழுவில் எழுதாதீர்கள். அந்தத் துணிச்சலுக்கு நாம் ஏற்கனவே கொடுத்த விலை போதும்.

அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். என்எஃப்எல்லில் 32 அணிகள். கல்லூரியில் ஆடிவிட்டு வரும் வீரர்களை ஆண்டுதோறும் ஏப்ரலில் ஏழு சுற்றுகளாக அணிகள் பங்கிட்டுக்கொள்ளும். அதுதான் டிராஃப்ட்; அதில் கிடைக்கும் ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு தேர்வு. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. இந்த வாய்ப்புகளை, அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு உரியவை உட்பட, அணிகள் தங்களுக்குள் விற்கலாம், வாங்கலாம். வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. 2025இல் அது ஓர் அணிக்கு 27.92 கோடி டாலர். டிராஃப்டில் வரும் இளைஞர் நான்கு ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில் ஆடுவார். அதனால் ஒரு தேர்வை இழப்பது என்றால் மலிவாகக் கிடைக்கவிருந்த ஓர் ஆட்டக்காரரை இழப்பது.

இனி 2017க்குப் போவோம். அந்த ஆண்டு நமக்கு மூன்றாம் இடம். சான் பிரான்சிஸ்கோவுக்கு இரண்டாம் இடம். அன்றைய பொது மேலாளர் ரையன் பேஸ், வட கரோலினா பல்கலைக்கழக குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) மிட்செல் ட்ரூபிஸ்கியை வேறு யாரும் தட்டிப் பறித்துவிடக் கூடாது என்று பயந்து, ஒரே ஓர் இடம் மேலே ஏறினார். கல்லூரியில் வெறும் 13 ஆட்டங்களைத் தொடங்கிய பையனுக்காக அந்த ஓர் இடத்துக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? நம் மூன்றாம் இடம், 67ஆம் தேர்வு, 111ஆம் தேர்வு, கூடவே 2018இன் மூன்றாம் சுற்றுத் தேர்வு. பின்னாளில் உச்ச நட்சத்திரமான குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் பத்தாம் இடம்வரை மேடையேறாமல் காத்திருந்தார். இதைச் சொல்லித்தான் ஊரே நம்மைக் கேலி செய்கிறது. எனக்கு அதைவிட அதிகம் வலிப்பது வேறொன்று.

67ஆம் தேர்வு கைமாறி நியூ ஆர்லியன்ஸுக்குப் போனது. அவர்கள் எடுத்தது பின்னாளில் நட்சத்திர ஓட்டக்காரரான ஆல்வின் கமாராவை. 2018இன் மூன்றாம் சுற்றுத் தேர்வு 70ஆம் இடமாக அமைந்தது. சான் பிரான்சிஸ்கோ அதில் ஃப்ரெட் வார்னரை எடுத்தது. இந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்த லைன்பேக்கர் (தற்காப்பின் நடுவரிசை வீரர்) யார் என்று கேட்டால் பாதிப் பேர் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், நம்மிடமிருந்து வாங்கிய அந்த மூன்றாம் இடத்தில் சான் பிரான்சிஸ்கோ எடுத்த சாலமன் தாமஸ் சோபிக்கவே இல்லை. பெரிய தேர்வில் அவர்களும்தான் சறுக்கினார்கள். சறுக்கினாலும் கையில் வேறு சீட்டுகள் இருந்தன. நம்மிடம் இல்லை.

பேஸ் அதோடு நின்றாரா? 2018இல் ஆண்டனி மில்லர் என்ற ரிசீவருக்காக (வீசும் பந்தைப் பிடிப்பவர்) அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்தார். அதே ஆண்டு தற்காப்பு வீரர் கலீல் மாக்குக்காக 2019, 2020 இரண்டின் முதல் சுற்றுத் தேர்வுகளும் போயின. மாக் விஷயத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் ஏற்கனவே நிரூபித்த வீரர், அந்தப் பருவம் 12 வெற்றி கிடைத்தது, அந்தப் பருவத்தை முடித்துவைத்த, கோல் கம்பத்தில் இரண்டு முறை இடித்துத் திரும்பிய அந்தப் பந்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம். ஆனால் மொத்தக் கணக்கைப் பாருங்கள். 2019 டிராஃப்டில் முதல் இரண்டு சுற்றுகளில் நமக்கு ஆளே இல்லை. மூன்றாம் சுற்றில் 87ஆம் இடம் மிஞ்சியிருந்தது. அதிலிருந்தும் மேலே ஏறி 73இல் டேவிட் மாண்ட்கோமரியை எடுத்தார்! 2021இல் மறுபடியும் ஒரு குவார்ட்டர்பேக்: 20ஆம் இடத்திலிருந்து 11க்கு ஏறி ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். விலை, 2022இன் முதல் சுற்றுத் தேர்வும் இரு ஆண்டுகளிலுமாக இரண்டு கீழ்ச்சுற்றுத் தேர்வுகளும். 2019 முதல் 2022 வரை நான்கு டிராஃப்ட்களில் முதல் சுற்றில் நாம் எடுத்த ஒரே வீரர் ஃபீல்ட்ஸ்தான்.

இப்படிக் கொடுத்துக் கொடுத்து வெறுமையான அணி எப்படி இருக்கும் என்பதை 2021 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் பார்த்தோம். ஃபீல்ட்ஸ் முதன்முறையாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய நாள். அவருடைய இடப்பக்கத்தைக் காக்க நின்றவர் 39 வயது ஜேசன் பீட்டர்ஸ். அந்த இடத்துக்கென்று இரண்டாம் சுற்றில் மேலே ஏறி எடுத்த டெவன் ஜென்கின்ஸ் முதுகு அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருந்தார். எதிரே கிளீவ்லாந்தின் தற்காப்பு வீரர் மைல்ஸ் காரெட். பந்து ஃபீல்ட்ஸ் கைக்கு வரும். அவர் தலையை நிமிர்த்தி முதல் ரிசீவரைத் தேடுவார். அதற்குள் காரெட் வெளிப்பக்கமாக வளைந்து முதுகுக்குப் பின்னால் வந்திருப்பார். ஒன்பது முறை அந்தப் பையனைத் தரையில் சாய்த்தார்கள். அதில் நாலரை காரெட்டின் கணக்கில். இப்படிச் சாய்க்கப்பட்டதில் (இதற்குப் பெயர் சாக்) இழந்த தூரத்தைக் கழித்தால் ஆட்டம் முழுக்க பாஸ் மூலம் நம் அணி பெற்றது ஒரு யார்டு. ஆம், ஒன்று. ஃபீல்ட்ஸுக்கு ஆட்டம் வரவில்லை என்று அன்று எழுதியவர்கள் அவரைச் சுற்றி யார் நின்றார்கள் என்று பார்க்கவில்லை. அவரை வாங்கக் கொடுத்த தேர்வுகள்தான் அவருக்குக் காவலாக நின்றிருக்க வேண்டியவை.

என் வாதம் இதுதான். ஒருவரைப் பிடிக்க மேலே ஏறும்போது அவர் நின்று ஆடத் தேவையான தரையையே விற்றுவிடுகிறோம்.

இதில் பெரிய கொடுமை, இந்தப் பாடத்தைச் சொல்லித் தருபவர் நம் ஊரிலேயே இருக்கிறார். நம் மைதானத்துக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் இருக்கும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ரிச்சர்ட் தேலர், 2017இல் பொருளாதார நோபல் பெற்றவர். அவரும் கேட் மேசி என்பவரும் சேர்ந்து பல ஆண்டு டிராஃப்ட்களை ஆராய்ந்தார்கள். ஒரே ஆட்ட இடத்தில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர் மற்றவரைவிட நன்றாக வர எவ்வளவு வாய்ப்பு? 52 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50. இரண்டு சதவீதத்துக்காகத்தான் இத்தனை கூட்டம், இத்தனை வீடியோ, இத்தனை அளவெடுப்பு. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். இந்த ஆண்டு மூன்றாம் சுற்றுத் தேர்வு வேண்டுமென்றால் அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்றைக் கொடு என்பது சந்தை வழக்கம். அதை வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கும் மேல்! நம்மூர் ஏலச்சீட்டு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவசரக்காரர் தள்ளி எடுப்பார். பொறுத்திருப்பவர்களுக்குக் கழிவு சேரும். பேஸ் ஒவ்வொரு மாதமும் முதல் ஆளாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

அந்த ஆய்வு நடந்த காலத்தில் முதல் இடத்து வீரருக்குச் சம்பளம் மிக அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010இல் சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகை மட்டும் 5 கோடி டாலர். மறு ஆண்டு விதி மாறி, கேம் நியூட்டனுக்கு மொத்தமே 2.2 கோடி. அதனால் முதல் சில இடங்களின் மதிப்பு இப்போது கூடியிருக்கிறது, குறிப்பாக குவார்ட்டர்பேக்குக்கு. மறுக்கவில்லை. ஆனால் அந்த 52 சதவீதம் சம்பளத்தைப் பற்றியது அல்ல, நம் கண்ணைப் பற்றியது.

"அப்படியென்றால் மஹோம்ஸ்?" என்று கேட்பீர்கள். கேன்சஸ் சிட்டியும் 27இலிருந்து பத்துக்கு ஏறித்தானே அவரை எடுத்தது, அடுத்த ஆண்டின் முதல் சுற்றையும் கொடுத்துத்தானே? சரிதான். அந்த அணி அதற்கு முந்தைய பருவத்தில் 12 ஆட்டங்கள் வென்றிருந்தது. ஆண்டி ரீட் பயிற்சியாளர். அலெக்ஸ் ஸ்மித் ஆடிக்கொண்டிருந்தார். மஹோம்ஸ் முதல் ஆண்டு முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு கடைசி ஆட்டத்தில் மட்டும் இறங்கினார். வீட்டைக் கட்டி முடித்தவர்கள் வாங்கினார்கள். நாம் மைக் கிளெனனை மூன்று ஆண்டுகளுக்கு 4.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் செய்து, அடுத்த மாதமே ட்ரூபிஸ்கியை எடுத்து, அக்டோபரில் அவரை மைதானத்தில் தள்ளினோம்.

இனி நல்ல செய்தி. 2022 பருவம் 3 வெற்றி, 14 தோல்வி. கடைசி ஞாயிறன்று ஹூஸ்டன் தோற்றிருந்தால் முதல் இடம் அவர்களுக்குப் போயிருக்கும். கடைசி நிமிடத்தில் அவர்கள் வென்று தொலைத்தார்கள், முதல் இடம் நமக்கு வந்தது. ஹூஸ்டன் பயிற்சியாளர் யார்? நம்மை இறுதிப் போட்டியான சூப்பர் பவுல்வரை அழைத்துச் சென்ற லவி ஸ்மித். அந்த வெற்றியோடு அவருக்கு வேலையும் போனது. சிகாகோவுக்கு அவர் செய்த கடைசி உபகாரம் அது.

புதிய பொது மேலாளர் ரையன் போல்ஸ் அந்த முதல் இடத்தைக் கரோலினாவுக்கு விற்றார். கிடைத்தவை: ரிசீவர் டி.ஜே. மூர், 9ஆம் இடம், 61ஆம் இடம், 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று. ஒன்பதிலிருந்து இன்னும் ஓர் இடம் இறங்கி டார்னெல் ரைட்டை எடுத்தார். கரோலினா பிரைஸ் யங்கை எடுத்து 2 வெற்றி, 15 தோல்வி என்று முடித்ததால், 2024இன் முதல் இடமும் நம்மிடமே வந்தது: குவார்ட்டர்பேக் காலெப் வில்லியம்ஸ். 2025இன் இரண்டாம் சுற்றில் லூதர் பர்டன். ஓர் இடத்தை விட்டுக்கொடுத்து ஒரு தாக்குதல் வரிசையையே வாங்கியிருக்கிறோம். அந்த மார்ச் மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதற்கு விழுந்த வசை கொஞ்சமல்ல. "கோழை" என்றுகூட ஒருவர் எழுதினார்.

போல்ஸைத் தெய்வமாக்கவில்லை. பிட்ஸ்பர்க்கிடமிருந்து ரிசீவர் சேஸ் கிளேபூலை வாங்க அவர் கொடுத்த தேர்வு 32ஆம் இடமாகி, அதில் ஜோயி போர்ட்டர் ஜூனியர் அவர்களுக்குக் கிடைத்தார்; கிளேபூல் ஓராண்டு முடியும் முன்பே நம்மை விட்டுப் போனார். 2024இலும் அவருடைய கணக்கு எனக்குப் புரியவில்லை. கையில் நான்கே தேர்வுகள். அதில் நான்காம் சுற்றில் ஒரு பண்ட்டரை எடுத்தார்! டோரி டெய்லர் அருமையாக உதைக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் ஒரு புது குவார்ட்டர்பேக்கைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் அணிக்கு முதலில் தேவை பந்தை எட்ட உதைப்பவரா, எதிராளியை மறித்து நிற்பவரா? அந்தப் பருவத்தில் வில்லியம்ஸ் 68 முறை சாய்க்கப்பட்டார். பந்தை விடாமல் வைத்துக்கொண்டிருந்த அவருடைய பழக்கமும் ஒரு காரணம்தான். ஆனால் 68 என்பது ஒரு பழக்கத்தால் மட்டும் வருவதல்ல. உடனே கிளம்பியது அடுத்த கூட்டம்: "ஜேடன் டேனியல்ஸை எடுத்திருக்க வேண்டும்." வில்லியம்ஸுக்கு அடுத்ததாக வாஷிங்டன் எடுத்த குவார்ட்டர்பேக் அவர். அந்த அக்டோபரில் வாஷிங்டனில் கடைசிப் பந்து வீசப்பட்டபோது நம் டைரிக் ஸ்டீவன்சன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்வையாளர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். திடுக்கிட்டுத் திரும்பி ஓடிவந்து பந்தைத் தட்டினார். அது பின்னால் நின்ற நோவா பிரவுன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 18-15 என்று தோற்றோம். இதற்கும் டிராஃப்டில் யாரை முதலில் எடுத்தோம் என்பதற்கும் என்ன தொடர்பு?

2025இல் செய்ததுதான் சரி. பென் ஜான்சன் பயிற்சியாளராக வந்தார். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசைக்குக் கேன்சஸ் சிட்டியின் ஜோ துனியை ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கும், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் ஜோனா ஜாக்சனை ஓர் ஆறாம் சுற்றுத் தேர்வுக்கும் வாங்கினார்கள். நடுவில் நிற்க டிரூ டால்மனை ஒப்பந்தம் செய்தார்கள். டிராஃப்டின் இரண்டாம் நாளில் 41ஆம் இடத்திலிருந்து கீழே இறங்கி, இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றை இரண்டாக்கி, அதில் ஒன்றில் டாக்கிள் (காவல் வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) ஓசி டிராபிலோவை எடுத்தார்கள். அதே குவார்ட்டர்பேக், அதே கை. சாக் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. 11 வெற்றி, பிரிவில் முதலிடம், பிளேஆஃபில் கிரீன் பேயை நம் மைதானத்தில் வைத்துத் தோற்கடித்தது எல்லாம் நீங்கள் பார்த்ததுதான். ஏழாம் சுற்றில் 233ஆம் இடத்தில் எடுத்த கைல் மோனங்காய் சின்சினாட்டிக்கு எதிராக 176 யார்டு ஓடினார். பிலடெல்பியாவும் 2018இல் இதே 233ஆம் இடத்தில்தான் ரக்பி ஆடிக்கொண்டிருந்த ஜோர்டன் மைலாட்டாவை எடுத்தது. சூப்பர் பவுல் வென்ற அணியின் இடப்பக்கத்தைக் காத்தவர் அவர். 233இல் அதிர்ஷ்டம் இருக்கிறது என்று சொல்லவில்லை. அங்கே எடுக்கக் கையில் ஒரு தேர்வு இருந்தது, அவ்வளவுதான்.

வில்லியம்ஸின் நான்கு ஆண்டு ஒப்பந்தம் மொத்தம் சுமார் 4 கோடி டாலர். டல்லஸ் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் ஓர் ஆண்டுக்கே 6 கோடி வாங்குகிறார். நம் பையனுக்கும் அந்த மாதிரிச் சம்பளம் வரும் நாள் தூரத்தில் இல்லை. அப்போது மீதி இடங்களை மூன்றாம், நான்காம் சுற்றுப் பிள்ளைகளை வைத்துத்தான் நிரப்ப வேண்டியிருக்கும். ஆகவே முதல் சுற்றில் நம் முறை வரும்போது எந்த அணியாவது தொலைபேசியில் அழைத்து இடத்தைக் கேட்டால், போல்ஸ் தயங்காமல் விலை பேசட்டும். ஓர் இரண்டாம் சுற்றும், அடுத்த ஆண்டின் ஒரு மூன்றாம் சுற்றும் கிடைத்தால் எனக்குப் போதும்.