லயத்தில் மெழுகுதிரி எரிந்தால் உங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது?

எந்தக் குரூப்பைத் திறந்தாலும் அதே ஸ்கிரீன்ஷொட்: தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், ஒரு தம்பி மெழுகுதிரி வெளிச்சத்தில் விருந்து வைத்துப் போட்ட போட்டோ. அதே சிரிப்பு இமோஜி. பேசாமல் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை.

அந்தத் தம்பி என்ன குற்றம் செய்தான்? கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணை வீட்டுக்கு அழைத்து, தன் கையால் சமைத்துப் போட்டான். பலகை மேல் பெட்ஷீட் விரித்திருக்கிறான். சோடாப் போத்தலில் ஒரு மெழுகுதிரி. ரொட்டி, கோழிக்கறி, லீக்ஸ் பிரட்டல். பின்னால் அடுப்புப் புகை ஏறிய சுவர் தெரிகிறது. அவ்வளவுதான். அதற்கு "லயத்துல கேண்டில் லைட் டின்னரா, கரண்ட் பில் கட்டலையா தம்பி?" என்று ஒரு கொமென்ட். அதற்குக் கீழே வரிசையாக ஆமாம் சாமிகள்.

2022 இல் இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரைக்கும் கரண்டை வெட்டினார்கள். அப்போது நாடே மெழுகுதிரியில்தான் சாப்பிட்டது, யாரும் சிரிக்கவில்லை. இவன் ஆசைப்பட்டு ஒன்றைக் கொளுத்தினால் மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

விரும்புகிறவளுக்கு வீட்டில் சமைத்துப் போடுவது கேலிக்குரிய காரியமில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். புரியாவிட்டால் திரும்பவும் சொல்வேன்.

"ஹோட்டலுக்குக் கூட்டிப் போயிருக்கலாமே" என்று ஒரு அண்ணன் அறிவுரை சொல்லியிருக்கிறார். கூட்டிப் போகலாம் அண்ணே. தோட்டத்து நாள் சம்பளம் 2021 இல் 1,000 ரூபாய் ஆனது, 2024 இல் 1,350 ஆனது. நுவரெலியாவில் மேசை விரிப்புப் போட்ட கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து எழும்பினால் அம்மா எத்தனை நாள் கொழுந்து எடுக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஏப்ரல் சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். சரி, சும்மா நடக்கலாம் என்று கிரகரி வாவிப் பக்கம் போனால், தோட்டத்து ஆள் ஒருவர் எதிரில் வந்தே தீருவார். நாம் பஸ் ஏறுவதற்கு முன்னால் செய்தி லயத்துக்குப் போய்விடும்.

எனக்கும் ஒருவர் சமைத்துப் போட்டிருக்கிறார். இப்போது என் வீட்டுக்காரர், அப்போது வெறும் "அவர்". கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து நுவரெலியாவில் அறை எடுத்திருந்தார். இரவுச் சாப்பாடு என்றுதான் பேச்சு, ஆனால் நான் கந்தப்பளை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் பின்னேரம் ஐந்து மணிக்கே தட்டைக் கழுவி வைத்துவிட்டார். லீக்ஸை நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்து மண்ணைக் கழுவினார். எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு பொறுமையாகக் கழுவி நான் பார்த்ததில்லை. கோழிக்கறிதான் காலை வாரியது. கொழும்புப் பழக்கத்தில் தக்காளியை வதக்கிவிட்டுக் கிழங்கைப் போட்டார். புளிப்பு இறங்கினால் கிழங்கு லேசில் வேகாது. அதோடு, ஊர் 1,868 மீற்றர் உயரம். இங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பார்க்கத் தளதள என்று கொதிக்கும், உள்ளே கிழங்கு கல்லு மாதிரி இருக்கும். மணிக்கூட்டையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்து அவர் முழித்த முழி இருக்கிறதே! கடைசியில் கிழங்கை ஒதுக்கிவிட்டுக் குழம்பில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அவர் கிழங்கைத் தனியே அவித்துத்தான் கறியில் போடுவார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஆம்பளை அறைக்குப் போனியா?" என்று கேட்க இந்நேரம் யாராவது கை துடித்துக்கொண்டிருப்பார்கள். அவருடைய அக்காவும் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். இல்லாவிட்டாலும் உங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஏன் சொல்கிறேன் என்றே தெரியவில்லை.

அப்புறம் "இதெல்லாம் வெள்ளைக்காரன் கலாசாரம்". இதைச் சொல்பவருடைய மகளின் பிறந்தநாளுக்கு மூன்றடுக்குக் கேக் வெட்டிய போட்டோவுக்கு நான்தான் முதல் லைக் போட்டேன். மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றி, ரதியும் மதனும் வேஷம் கட்டி ஆட, விடிய விடியக் கண் விழித்துப் பார்க்கிற சனம் நாம். காமனைச் சிவன் எரித்ததும் ரதி அழுகிற அழுகையில் நாமும் சேர்ந்து அழுவோம். நமக்கா காதல் இறக்குமதிச் சரக்கு?

"போட்டோ போட்டது விளம்பரம்" என்கிறீர்களா? இருக்கட்டும். நீங்கள் புது மோட்டார் சைக்கிளுக்கு மாலை போட்டுப் படம் பிடித்தது என்னவாம்?

உண்மையில் உங்களுக்கு உறுத்துவது மெழுகுதிரி இல்லை. கரண்டி பிடித்தது ஓர் ஆண் என்பதுதான். நம் பையன்கள் கொழும்பில் யார் யாருக்கோ சோறு வடிக்கிறார்கள், கொத்து போடுகிறார்கள், அது உழைப்பு. நம் அக்காமார் மத்திய கிழக்கில் அடுத்தவன் வீட்டு அடுப்பில் வேகிறார்கள், அது குடும்பத்தைக் காப்பாற்றுவது. அதே கை தன் சொந்த லயத்துக் காம்பராவில், தனக்குப் பிடித்த ஒருத்திக்காக ஒரு கறி வைத்தால் அது மட்டும் கூத்தா?

என் அம்மா விடியற்காலையில் எழும்பி ரொட்டி தட்டி, எல்லாருக்கும் சம்பலோடு கட்டிக் கொடுத்துவிட்டு, பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, ஓடுவார். அந்தியில் கூடையை இறக்கியதும் திரும்ப அடுப்படி. அவர் தட்டில் சுடச்சுட யாராவது ஒரு அகப்பை சோறு போட்டு "சாப்பிடு" என்று சொன்னதை நான் கண்டதே இல்லை. அப்பா நல்லவர்தான், ஆனால் செய்யவில்லை. உங்கள் அப்பாவும் செய்திருக்க மாட்டார். அதனால்தான் ஒருவன் செய்யும்போது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது.

அந்தக் கொமென்டுக்கு ஹார்ட் போட்டவர்களில் என் சித்தப்பா மகனும் ஒருவன். டேய் தம்பி, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, உன் பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வா. கறி உன் மச்சான் வைப்பார். சாப்பிட்டுவிட்டு அவள் என்னோடு இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்து பேசட்டும். சட்டி பானையை நீ கழுவு.